வடக்கு ஸ்பெயினில் ஒரு மலையூர்: போத்தெஸ் போகிறவர்களுக்கு

கேள்வி இது: ஜூன் மாதம் குடும்பத்தோடு ஸ்பெயின் வருகிறோம். மாட்ரிட் பார்த்த பிறகு வடக்கே மலைப்பக்கம் ஏதாவது ஒரு பழைய சிற்றூருக்குப் போக ஆசை. அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள், அம்மா சுத்த சைவம். போத்தெஸ் என்ற ஊரைச் சிலர் சொல்கிறார்கள். காலையில் போய், கேபிள் காரில் ஏறி இறங்கி, சாயங்காலம் திரும்பிவிடலாமா?

திரும்பிவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். போத்தெஸ் தனி ஊர் இல்லை. லியேபானா என்ற மலைநாட்டின் சந்தைக்கூடம் அது. அந்த மலைநாட்டைப் பார்க்காமல் ஊரை மட்டும் பார்த்தால், இரண்டு பாலமும் ஒரு கோபுரமும் நாலு நினைவுப்பொருள் கடையும்தான் கண்ணில் படும். மூன்று இரவு தங்குங்கள். முடியாவிட்டால் இரண்டு.

முதலில் இடம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஸ்பெயினின் வடகடலோரம் காந்தாப்ரியா என்ற மாநிலம். அதன் தென்மேற்கு மூலையில் பிகோஸ் தெ யூரோப்பா மலைத்தொடர். கடற்கரையிலிருந்து இருபது முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே சுண்ணாம்புக்கல் மலைகள் 2,600 மீட்டரைத் தாண்டி எழும்பி நிற்கும். அந்த மலைச்சுவருக்குப் பின்னால், நாலு பள்ளத்தாக்குகள் வந்து கூடுகிற குழிவான இடத்தில் இருக்கிறது போத்தெஸ். கடல்மட்டத்திலிருந்து 291 மீட்டர் உயரம்தான். மக்கள்தொகை ஆயிரத்துச் சொச்சம்.

கடல்காற்று கொண்டுவரும் மழையில் பெரும்பகுதியை மலை முன்னாலேயே வாங்கிக்கொள்கிறது. அதனால் கடலோரம் எப்போதும் பச்சையும் தூறலுமாக இருக்க, உள்ளே லியேபானாவில் வெயில் அடிக்கும். திராட்சை விளைகிறது, தக்கை ஓக் மரம் வளர்கிறது, அங்கங்கே ஆலிவ் மரம்கூட நிற்கிறது. வடக்கு ஸ்பெயினில் இதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். மாநிலத் தலைநகரான கடலோர சாந்தாண்டேரில் குடையோடு கிளம்பி, இங்கே வந்து தொப்பி தேடுவது வழக்கமான அனுபவம்.

உள்ளே நுழைகிற வழியும் சாதாரணமானது இல்லை. உங்கேரா என்ற கடலோர ஊரிலிருந்து தேவா ஆற்றை ஒட்டியே தெற்கே போகும் என்-621 சாலைதான் முக்கிய வழி. அதில் சுமார் 21 கிலோமீட்டர் லா எர்மிதா மலையிடுக்கு. ஸ்பெயினிலேயே நீளமான மலையிடுக்கு இதுதான் என்பார்கள். இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக ஏற, நடுவில் ஆறும் சாலையும் மட்டும். சில இடங்களில் சன்னல் வழியாகத் தலையை நீட்டினால்தான் வானம் தெரியும். மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடும். அப்படிப் போய்க்கொண்டே இருக்கும்போது சட்டென்று பாறை விலகி, வெயிலும் திராட்சைச் சரிவும் ஓட்டுக்கூரை வீடுகளுமாக லியேபானா திறந்துகொள்ளும். அதனால் இந்த வழியில் பகல் வெளிச்சத்தில் போங்கள். வளைவுகள் அதிகம். அம்மாவுக்குப் பயணத்தில் குமட்டும் என்றால் முன்சீட்டில் உட்காரவைத்து, மாத்திரையை உங்கேராவிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஊருக்குள் கிவியேசா என்ற சிற்றாறு வந்து தேவாவில் கலக்கிறது. சான் கயெத்தானோ பாலத்தில் நின்றால் கீழே தண்ணீர், இரண்டு கரையிலும் மரப்பலகணி வைத்த கல்வீடுகள், பின்னால் மலை. எல்லோரும் படம் எடுக்கும் இடம் அது. எடுத்துவிட்டு அங்கிருந்து சொலானா என்ற பழைய பகுதிக்குள் நடங்கள். குண்டுக்கல் பாவிய சந்துகள், சில இடங்களில் படிகள். அப்பாவுக்கு முட்டிவலி இருந்தால் ஊன்றுகோல் உதவும், மழை பெய்திருந்தால் கல் வழுக்கும்.

நடுவில் சதுரமாக நிற்கும் பெரிய கற்கட்டடம் இன்ஃபான்தாதோ கோபுரம். 15ஆம் நூற்றாண்டில் இந்த மலைநாட்டின் ஆட்சியுரிமைக்காக மென்தோசா, மான்ரிக்கே என்ற இரண்டு பிரபுக் குடும்பங்கள் முட்டிமோதின. கோபுரம் மென்தோசாக்களுடையது. அந்தக் குடும்பத்தின் தலைவரான சாந்தியானா பிரபு இன்யிகோ லோபெஸ் தெ மென்தோசா, ஸ்பானிய மொழியின் முக்கியமான கவிஞர்களில் ஒருவரும்கூட. பின்னாளில் இதே கோபுரத்தில் நகராட்சி அலுவலகம் நடந்தது. இப்போது கண்காட்சிக்கூடம். மொட்டைமாடி வரை ஏறலாம். ஊர் எப்படி ஆற்றைச் சுற்றி அமைந்திருக்கிறது என்று அங்கிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

தெருவில் சில வீடுகள் மிகப் பழையவையாகவும், சில பழைய பாணியில் புதிதாகக் கட்டியவையாகவும் தெரியும். அதற்குக் காரணம் உண்டு. 1937இல் உள்நாட்டுப் போரில் பின்வாங்கிய குடியரசுப் படை ஊருக்குத் தீ வைத்தது. பெரும்பகுதி எரிந்து, பிறகு மறுபடி கட்டப்பட்டது. போர் முடிந்த பிறகும் இந்த மலைகளில் சண்டை ஓயவில்லை. போத்தெஸில் பிறந்த ஹுவான் ஃபெர்னாந்தெஸ் அயாலா, ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரில் ஹுவானின், சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக்கு எதிராகக் காட்டில் ஒளிந்து போராடி, 1957 ஏப்ரலில்தான் சுட்டுக்கொல்லப்பட்டார். போர் முடிந்து பதினெட்டு வருடம் கழித்து! இங்குள்ள முதியவர்களுக்கு அது சிறுவயது ஞாபகம். அதனால் கடையில் உட்கார்ந்து பேசும்போது போரைப் பற்றி நீங்களாக எடுக்க வேண்டாம். அவர்களே தொடங்கினால் கேளுங்கள்.

உங்கள் தேதிகளை நகர்த்த முடியுமானால் ஒரு திங்கட்கிழமை காலை போத்தெஸில் இருக்கிற மாதிரி வையுங்கள். அன்று வாரச்சந்தை. சுற்றுப்பட்ட கிராமத்தார் எல்லாம் இறங்கி வருவார்கள். நாற்று, மண்வெட்டிக் காம்பு, மழைச்செருப்பு, ஜட்டி பனியன் விற்கிற கடைகளுக்கு நடுவே பாலாடைக்கட்டிக்காரர் ஒரு பலகை போட்டிருப்பார். கெசுகோ என்ற சின்ன வட்டக் கட்டிகளை அவரிடம் கேளுங்கள். புகையூட்டியது, ஊட்டாதது இரண்டும் இருக்கும். கத்தி நுனியில் ஒரு சீவல் வெட்டி நீட்டுவார், தின்றுபார்த்து வாங்கலாம். பக்கத்தில் பச்சைநீலப் பூஞ்சை ஓடியது போல ஒன்று இருக்கும். அது பிகோன், மலைக்குகைகளில் வைத்துப் பதப்படுத்துவது. வாடை தூக்கலாக இருக்கும், எல்லோருக்கும் பிடிக்காது. எனக்கு மிகவும் பிடிக்கும். லியேபானாத் தேன் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், ஊருக்கு எடுத்துப்போக இதைவிட நல்ல பொருள் இல்லை.

இனி, நான் உங்களை இங்கே தங்கச் சொல்வதற்கு முதல் காரணம். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரில் சாந்தோ தொரீபியோ மடாலயம். கத்தோலிக்கர்களுக்கு இது பெரிய தலம். ஏசுவை அறைந்த சிலுவையின் துண்டுகளில் எஞ்சியிருப்பவற்றுள் ஆகப்பெரியது இங்கே இருப்பதாக நம்பிக்கை. 5ஆம் நூற்றாண்டில் அஸ்தோர்கா ஆயர் தொரீபியோ அதை ஜெருசலேமிலிருந்து கொண்டுவந்தார் என்பது மரபு. பின்னர் முஸ்லிம் படையெடுப்பின்போது பாதுகாப்புக்காக மலைக்குள் கொண்டுவந்தார்களாம். மரத்துண்டைச் சிலுவை வடிவில் பொருத்தி, பொன்முலாம் பூசிய வெள்ளிக் கவசத்துக்குள் வைத்திருக்கிறார்கள். 1958இல் ஆராய்ந்து, மத்தியதரைக்கடல் பகுதியின் சைப்ரஸ் மரம் என்று சொன்னார்கள். துறவி வெளியே எடுத்து வரும்போது மக்கள் வரிசையில் வந்து, திறந்திருக்கும் மரப்பகுதியில் முத்தமிடுவார்கள். நீங்கள் எந்த மதமானாலும் அமைதியாக வரிசையில் நிற்கலாம், யாரும் எதுவும் கேட்பதில்லை. முட்டி தெரியாத உடையாக இருந்தால் நல்லது.

1512இல் போப் இரண்டாம் ஜூலியஸ் தந்த சலுகைப்படி, ஏப்ரல் 16ஆம் தேதி, அதாவது தொரீபியோவின் திருநாள், ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அது இங்கே யூபிலி என்ற புனித ஆண்டு. மன்னிப்பின் வாசல் என்ற பக்கக்கதவு அப்போதுதான் திறக்கும். கடைசியாக 2023இல் அப்படி வந்தது, அடுத்து 2028. யூபிலி ஆண்டில் கூட்டம் பல மடங்கு இருக்கும். அமைதி வேண்டுமென்றால் மற்ற ஆண்டுகளே மேல். கடலோரத்தின் சான் விசென்தே தெ லா பார்கேராவிலிருந்து மடாலயம் வரை 70 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பாதயாத்திரை வழியும் உண்டு. 2015இல் மேற்கே சாந்தியாகோ நகரத்துப் பேராலயத்துக்குப் போகும் பாதயாத்திரையின் வடக்கு வழிகளோடு சேர்த்து இதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது.

எனக்கு அந்த மரத்துண்டைவிடப் பெரிதாகப் படுவது இங்கே வாழ்ந்த ஒரு துறவி. பெயர் பெயாதோ. 8ஆம் நூற்றாண்டு. தீபகற்பத்தின் பெரும்பகுதி முஸ்லிம் ஆட்சியில் இருந்த காலம். வடக்கு மலைகளில் மட்டும் சின்னதாக ஒரு கிறிஸ்தவ அரசு. உலகம் கி.பி. 800 வாக்கில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்த அவர், 776இல் விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஓர் உரை எழுதினார். தொலேதோவின் பேராயர் எலிபாந்தோ, ஏசு கடவுளின் தத்துப்பிள்ளை என்கிற மாதிரி ஒரு கொள்கையைச் சொன்னபோது, நாட்டின் மிக உயர்ந்த ஆயரோடு இந்த மலைத்துறவி நேருக்கு நேர் வாதத்தில் இறங்கினார். நூல்களைத் தேடிப் படித்து, தொகுத்து, எதிர்த்து எழுதுகிற துணிச்சல் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்துகொண்டே அவருக்கு இருந்தது. இதை நினைத்துக்கொண்டு மடாலயத்து முற்றத்தில் நின்று பாருங்கள்.

அவர் கையால் எழுதிய பிரதி கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த நூற்றாண்டுகளில் ஸ்பெயின் மடாலயங்களில் அந்த உரையைப் படியெடுத்து, ஓவியங்களோடு அலங்கரித்தார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பட்டை பட்டையாகப் பின்னணி, அகன்ற கண்கள், பல தலைப் பாம்புகள், வானத்திலிருந்து விழும் நட்சத்திரங்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வரைந்தது என்று சொன்னால் நம்ப முடியாத துணிவு. 1047இல் முதலாம் ஃபெர்னாந்தோ மன்னருக்காகச் செய்த பிரதி மாட்ரிட் தேசிய நூலகத்தில் இருக்கிறது. இந்தப் பிரதிகளில் உலக வரைபடமும் ஒன்று உண்டு, கிழக்கு மேலே இருக்கும். அப்போஸ்தலர்கள் எந்தெந்த நாட்டுக்குப் போய்ப் போதித்தார்கள் என்ற பட்டியலில் தோமாவுக்கு இந்தியா. 1086ஐச் சேர்ந்த ஓஸ்மா பிரதியின் வரைபடத்தில் அந்தந்த நாட்டில் அப்போஸ்தலர் முகத்தையே வரைந்திருக்கிறார்கள். இந்தியாவில் தோமாவின் முகம் இருக்கிறது. மயிலாப்பூர் சாந்தோம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு, ஸ்பெயின் மடாலயம் ஒன்றின் தோல்தாளில் அதைப் பார்க்கிற உணர்வைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்ஃபான்தாதோ கோபுரத்தின் கண்காட்சியே இந்த நூல்களைப் பற்றியதுதான், நகல் பிரதிகளைப் பார்க்கலாம். அதனால் முதலில் கோபுரம், பிறகு மடாலயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கேபிள் கார். போத்தெஸிலிருந்து மேற்கே சுமார் 23 கிலோமீட்டர் போனால் சாலை ஒரு பாறைச்சுவரில் முட்டி முடிந்துவிடும். அந்த இடம் ஃபுவேந்தே தே. 1966இல் திறந்த கேபிள் கார் அங்கிருந்து நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 753 மீட்டர் உயரத்தை நாலே நிமிடத்தில் ஏறி, 1,823 மீட்டரில் இறக்கிவிடும். அப்பா அம்மாவுக்குச் சிரமமே இல்லை. மேலே பார்வைமேடை, சிற்றுண்டிக்கடை எல்லாம் உண்டு. நடக்க முடிந்தவர்கள் இன்னும் உள்ளே, செடிகொடி இல்லாத கற்பாலைக்குள் போகலாம். அல்லது ஆலிவா மேய்ச்சல்வெளி வழியாகக் கீழே வரை நடந்து இறங்கலாம். பதினான்கு கிலோமீட்டர் போல வரும், பெரும்பாலும் இறக்கம். அந்த வெளியில் மாடுகளும் குதிரைகளும் மேயும். பழைய துத்தநாகச் சுரங்கங்களின் தடயமும் தெரியும். காலை நேரத்தில் மலையாடு கண்ணில் படலாம்.

நாலு விஷயம் கவனம். ஜூலை, ஆகஸ்டில் வரிசை மணிக்கணக்கில் நீளும், இணையத்தில் நேரம் குறித்துச் சீட்டு எடுத்துவிடுங்கள். காற்று பலமாக வீசினால் நிறுத்திவிடுவார்கள், அதனால் கடைசி நாளுக்கு இதைத் தள்ளிவைக்காதீர்கள். மேலே கேமரா வைத்து நேரலை காட்டுகிறார்கள், மேகம் மூடியிருக்கிறதா என்று அறையிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்பலாம். கீழே பனியனோடு நிற்கிற வெயில் இருந்தாலும் மேலே கம்பளிச் சட்டை வேண்டும். ஜூனிலும் அங்கங்கே பனித்திட்டு கிடக்கும்.

கேபிள் காரைப் பார்ப்பவர்களில் பாதிப்பேர்கூட லெபேன்யா என்ற சிற்றூர்ப் பக்கம் வண்டியை நிறுத்துவதில்லை. எனக்கு வருத்தம்தான். போத்தெஸ் வருகிற அதே மலையிடுக்குச் சாலையிலிருந்து கொஞ்சம் விலகினால், மலைச்சுவருக்குக் கீழே சாந்தா மரியா என்ற சின்னக் கோயில். 925இல் அல்போன்சோ, ஹுஸ்தா என்ற பிரபுத் தம்பதி கட்டியது. முஸ்லிம் ஆட்சிப் பகுதியிலிருந்து வடக்கே வந்த கிறிஸ்தவக் கைவினைஞர்களின் பாணி. உள்ளே தூணுக்குத் தூண் குதிரைலாட வடிவ வளைவுகள். கோர்தோபா மசூதியில் நூற்றுக்கணக்கில் பார்ப்பதை இங்கே கைக்கெட்டும் உயரத்தில், கிராமத்து அளவில் பார்க்கலாம். தூண் தலைப்பில் இலைகளைச் செதுக்கியிருக்கிற விதத்தை நின்று பாருங்கள். பலிபீடத்தின் முன்பலகை ஒற்றைக் கல், வட்டம் வட்டமாகக் கோலம் போட்டது போன்ற செதுக்கல். அதைக் கண்டுபிடித்தது 1973இல்தான், அதுவரை தரையில் குப்புறக் கிடந்தது. அங்கிருந்த மாதா சிலை 1993இல் திருட்டுப்போய், 2001இல் மீட்கப்பட்டுத் திரும்பி வந்தது. வாசலில் ஆலிவ் மரம் ஒன்றும் யூ என்ற ஊசியிலை மரம் ஒன்றும் பல நூற்றாண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. யூ மரம் 2007இல் புயலில் சாய்ந்துவிட்டது.

சாப்பாடு. இந்த ஊரின் பெருமை கொசிதோ லெபானியேகோ. சின்னச் சின்னக் கொண்டைக்கடலை, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி, பன்றிக்கொழுப்பு, சொரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சி எல்லாம் ஒரே பானையில் மணிக்கணக்கில் கொதிக்கும். முதலில் அந்த ரசத்தில் சேமியா போட்ட சூப் வரும், அடுத்து கடலையும் கோஸும், அப்புறம் இறைச்சித் தட்டு, கூடவே ரொட்டித்தூளும் முட்டையும் பிசைந்து செய்த உருண்டை. இரண்டு பேருக்கு ஒரு பங்கு வாங்கினாலே போதும். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கிடைக்கும். இரண்டிலிருந்து மூன்றரைக்குள் போய் உட்காருங்கள்.

அம்மாவுக்குக் கொஞ்சம் திட்டமிட வேண்டும். இங்கே "இறைச்சி இல்லாமல்" என்று சொன்னால் ஹாம் துண்டும் டூனா மீனும் போட்டுத் தருவார்கள், அதை அவர்கள் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. கடலையைத் தனியாகக் கேட்டாலும் அது அதே பானையில் வெந்ததுதான். "நி கார்னே, நி ஹமோன், நி பெஸ்காதோ" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இறைச்சி, ஹாம், மீன் எதுவும் வேண்டாம் என்று. முட்டை சாப்பிடுவார் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட் எங்கும் உண்டு. இல்லாவிட்டால் சாலட், வதக்கிய காய்கறி, பாலாடைக்கட்டி, ரொட்டி. ஒருவேளைக்கு அது சரி, மூன்று நாளைக்குத் தாங்காது. அதனால் அடுப்பு உள்ள வாடகை வீடாக எடுத்து, அரிசி, பருப்பு, கொஞ்சம் ஊறுகாய் கையோடு கொண்டுபோய்விடுங்கள். காய்கறி திங்கட்கிழமைச் சந்தையிலேயே கிடைக்கும்.

ஒருஹோ பற்றியும் கேட்பீர்கள். திராட்சையைப் பிழிந்த பிறகு மிஞ்சும் தோலையும் விதையையும் செம்புப் பாத்திரத்தில் மெதுவாகக் காய்ச்சி வடிக்கும் சாராயம். கடைகளில் தேன் கலந்தது, மூலிகை கலந்தது என்று வண்ண வண்ணமாக வைத்திருப்பார்கள். கலப்பில்லாததுதான் அசல், விரல் அளவு குடித்தாலே நெஞ்சு வரை சூடாகும். நவம்பரில் இதற்கென்றே திருவிழா நடக்கிறது. குடிக்காதவர்களுக்கு மலைச்சரிவில் பறித்த ஒரு மூலிகையில் போட்ட தேநீர் உண்டு, தே தெல் புவேர்தோ என்று கேளுங்கள். சாப்பாட்டுக்குப் பின் வயிற்றுக்கு இதமானது, அப்பா அம்மாவுக்குப் பிடிக்கும்.

காலம் என்று பார்த்தால் உங்கள் ஜூன் அருமையான தேர்வு. இரவு பத்து மணி வரை வெளிச்சம், மலை முழுக்கப் பூ. செப்டம்பர், அக்டோபரும் நன்று, திராட்சை பறிக்கும் காலம். ஆகஸ்ட் மட்டும் வேண்டாம், கார் நிறுத்தவே அரைநாள் போகும்.

மாட்ரிட்டிலிருந்து ரயிலோ விமானமோ பிடித்து சாந்தாண்டேர் வந்து, அங்கே கார் வாடகைக்கு எடுப்பது உங்களுக்கு வசதி. அங்கிருந்து போத்தெஸ் சுமார் 110 கிலோமீட்டர், நிறுத்தி நிறுத்தி வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு, ஆர்டிஓ அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். கியர் வண்டி பழக்கமில்லை என்றால் ஆட்டோமேட்டிக் என்று குறிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும், இங்கே அது குறைவு. பேருந்தும் உண்டு, ஆனால் நாளைக்குச் சில நடைதான். லெபேன்யாவுக்கும் கிராமங்களுக்கும் போக அது உதவாது. தெற்கே லெயோன் போவதானால் திரும்பும்போது 1,609 மீட்டர் உயர சான் குளோரியோ கணவாய் வழியாகப் போங்கள், மலையிடுக்கு வழியை மறுபடி பார்க்க வேண்டியதில்லை.

தங்க ஊருக்குள்ளேயே இடம் எடுத்தால் சாயங்காலம் நடந்து திரியலாம். பெரியவர்களுக்குப் படி ஏறமுடியாது என்றால் சொலானா பகுதியைத் தவிர்த்து, ஆற்றோரச் சாலைப் பக்கம் லிஃப்ட் உள்ள இடமாகப் பாருங்கள். காரோடு அமைதியாக இருக்க நினைத்தால் ஃபுவேந்தே தே போகும் வழியில் மோக்ரோவேஹோ கிராமம். கோட்டைக் கோபுரமும் கல்வீடுகளும் நேர் எதிரே மலைச்சுவருமாக இருக்கும். கடைகள் அங்கே கிடையாது, இரவுச் சமையலுக்கு வேண்டியதை போத்தெஸிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை பல கடைகள் பூட்டியிருக்கும், ஞாயிறன்று அரைநாள்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கு இப்படி வைக்கலாம். ஞாயிறு மதியம் வந்து, வரும் வழியிலேயே லெபேன்யா. கோயில் திறந்திருக்கும் நேரத்தை முதல்நாளே விசாரித்துவிடுங்கள். திங்கள் காலை சந்தை, பிறகு கோபுரம், கொசிதோ, வெயில் தாழ்ந்ததும் மடாலயம். செவ்வாய் காலை முதல் கேபிள் கார். அன்று மேகம் மூடினால் புதன்கிழமை இன்னொரு வாய்ப்பு கையில் இருக்கும். மூன்று இரவு என்று நான் வற்புறுத்துவது அதற்காகவும்தான்.